தோற்றவன்தான் கேட்க வேண்டும்

திங்கட்கிழமை காலை, கட்டட சைட் ஸ்டோரில் நின்று பூச்சு வேலைக்காரர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சிவசங்கரன் போன் செய்தான்.

“சோலையப்பன் அண்ணா, உங்க பாரத்துல ஒம்பதாவது கேள்வி காலியா கெடக்குதுங்களே.”

“தெரியும்.”

“மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்.”

“மறக்கல.”

கோயம்புத்தூர்க்காரன், பேசாமல் இருப்பது அவனுக்குக் கஷ்டம். “முனைப்பட்டினமும் காலியாத்தானுங்க விட்டிருக்காங்க,” என்றான். “வியாழக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு லிஸ்ட்ட மூடிருவேன். அப்புறம் என்னைய ஒண்ணுஞ் சொல்லக் கூடாது.”

போனைப் பைக்குள் போட்டேன். வரிசையில் நின்றவன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பாய், தோனோ பாயாங் ஹை,” என்றான். இரண்டும் இடது கை. மாற்றிக் கொடுத்தேன். அவனுக்குப் பின்னால் நின்றவனுக்கும் அப்படியே கொடுத்திருந்தேன்.

அமீரகத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் தங்கள் தங்கள் கல்லூரியின் பெயரில் வாலிபால் ஆடுகிறோம். பதினாறு அணிகள் சேர்ந்த கூட்டமைப்புக்குச் சிவசங்கரன் செயலாளர். இத்தனை காலம் எல்லாரும் ஒரே குட்டையில் கிடந்தோம். இந்த ஆண்டு மூன்று பிரிவாக்கிவிட்டார்கள். விளம்பரம் கொடுக்க ஆள் கிடைத்த அணிகள் ஏ பிரிவு. துபாயில் ஏசி போட்ட உள்ளரங்கில் ஆடுவார்கள். ஷார்ஜா, அஜ்மான் அணிகள் பி. மிச்சம் இருந்தவர்களை அல் ஐன், ஃபுஜைரா அணிகளோடும் ஓமானிலிருந்து வரும் ரூவி அணியோடும் சேர்த்து சி என்றார்கள். எங்கள் நடுவூரணி அரசு கலைக் கல்லூரி சி பிரிவு. எங்களிடமிருந்து ஏழு மைல் தள்ளிக் கடற்கரையில் இருக்கும் முனைப்பட்டினம் கல்லூரி ஏ பிரிவு. பழைய பகை உள்ளவர்கள் பிரிந்துபோகக் கூடாது என்று சிவசங்கரனுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியிருக்கிறது. அதுதான் ஒன்பதாவது கேள்வி. பிரிவு மாறினாலும் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் ஆட விரும்பும் அணி எது? ஒரே ஒரு பெயர் எழுதலாம். இரண்டு அணிகளும் ஒன்றின் பெயரை மற்றது எழுதினால்தான் ஆட்டம் உண்டு.

எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். ஆனால் ஊரணியும் பட்டினமும் அப்படி எழுதிவிட முடியாது. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. தோற்றவன்தான் அடுத்த ஆட்டத்தைக் கேட்க வேண்டும். ஜெயித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அது கொழுப்பு. தோற்ற அணியின் கேப்டன் ஜெயித்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், “அடுத்த ஆட்டம் எப்போ?” என்று கேட்பான். ஜெயித்தவன் தேதி சொல்வான். நாங்கள் படித்த காலத்துக்கும் முன்பிருந்தே இதுதான். துபாய்க்கு வந்த பிறகும் பத்தொன்பது ஆண்டுகளாக இதுதான். அதில் கடைசி எட்டு ஆண்டுகள் கேட்கப் போனவன் நான்.

ஒவ்வொரு அக்டோபரிலும் தேராவுக்குப் போவேன். மசாலா சூக் என்கிற சந்தையில் செய்கு அலாவுதீனின் கடை. பட்டினம் அணியின் கேப்டன். எனக்கு இரண்டு வயது மூத்தவர். நான் முதலாம் ஆண்டு படிக்கும்போதே வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்துவார். டீ வரும். குடித்து முடித்துக் கேட்பேன். தேதி சொல்வார். எழுந்து வந்துவிடுவேன். ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதான். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அடிக்க எழும்புவதற்கு முன் அவர் இடது தோளைத் தாழ்த்துவார் என்று தெரியும். என் இடது முட்டி வலிப்பது என் மனைவி நாகஜோதிக்குக் கூடத் தெரியாது, அவருக்குத் தெரியும். சர்வீஸ் எல்லாம் அங்கேதான் வரும்.

இந்த அக்டோபரில் நான் போகவில்லை. அவரும் வரவில்லை. ஏனென்றால் பிப்ரவரியில் ஆடிய ஆட்டத்தில் யார் தோற்றது என்பது முடிவாகவில்லை.

ஐந்தாவது செட். பதினான்குக்குப் பதின்மூன்று, நாங்கள் முன்னால். ஒரு புள்ளி எடுத்தால் எட்டு வருடத் தோல்வி முடிந்துவிடும். அவர்கள் பையன் அஹ்சன் அடித்தான். நான் வலையில் கையைத் தூக்கி நின்றேன். பந்து என் தலைக்கு மேலே போய் எல்லைக் கோட்டுக்கு ஓரடி வெளியே விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்ற நடுவர் வேறொரு கல்லூரிக்காரர். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதவில்லை. என்னைப் பார்த்தார். எங்கள் ஆட்டங்களில் அப்படித்தான், சந்தேகம் வந்தால் ஆடுகிறவனைப் பார்ப்பார்கள்; அவனே சொல்லிவிடுவான். பந்து விரலில் பட்டு வெளியே போயிருந்தால் புள்ளி அவர்களுக்கு, பதினான்கு பதினான்கு. படவில்லை என்றால் நாங்கள் ஜெயித்தோம்.

என் வலது கை நடுவிரலின் நுனியை ஒரு காற்று தொட்டதுபோல் இருந்தது. காற்று அல்ல என்று எனக்குத் தெரியும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் இப்போதும் நம்ப விரும்புகிறேன். அதற்குள் விமல் கத்தினான். நான் எடுத்துக் கொடுக்கும் பந்தை அடிப்பவன், இருபத்தேழு வயது, சாரம் கட்டும் வேலை. அவன் என்னைத் தூக்கிவிட்டான். எங்கள் பையன்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டி ஓடினார்கள். பட்டினத்துக்காரர்கள் பட்டது, பட்டது என்று கத்தினார்கள். பத்து மணிக்கு அதே மைதானத்தை எடுத்திருந்த மலையாளிகள் கோல் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து, “சேட்டா, டைம் கழிஞ்ஞு,” என்றார்கள். வலையை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

பதினைந்துக்குப் பதின்மூன்று, ஜெயித்தோம் என்கிறோம் நாங்கள். பதினான்கு பதினான்கில் ஆட்டத்தை விட்டு வெளியே ஓடினீர்கள், ஓடியவன் தோற்றவன் என்கிறார்கள் அவர்கள். ஆக இரண்டு பேரும் ஜெயித்தவர்கள். இரண்டு பேரும் மற்றவன் கேட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். சிவசங்கரனின் பாரத்தில் இதற்கு இடமில்லை.

செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்து முஹைஸ்னா கேம்ப்பில் என் ரூமுக்குப் பையன்கள் வந்தார்கள். எட்டுப் பேர் படுக்கும் ரூம். கட்டில்களில் மேலும் கீழுமாக உட்கார்ந்தார்கள். விமல் மேல்கட்டிலில் காலைத் தொங்கப் போட்டிருந்தான். எங்கள் வாட்ஸப் குழுவுக்கு ‘15–13’ என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

“சி பிரிவுன்னா என்னண்ணே கொறச்சல்?” என்றான். “எல்லாம் நம்மள மாதிரி ஆளுக. ஒரு கப்பாவது அடிப்போம். ரூவிக்காரய்ங்க ஆடுன வீடியோவப் பாத்தேன். பந்தக் கண்டா கும்புட்டுப்புட்டு நிக்கிறாய்ங்க.”

“அவய்ங்களும் உன் வீடியோவப் பாத்துட்டு இதயேதான் சொல்லிருப்பாய்ங்க,” என்றான் பாண்டித்துரை. என் வயதுக்காரன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இப்போது குளிர்பதனக் குழாய் வேலை. அணியில் ஆறாவது ஆள் வராத நாளில் மட்டும் ஆடுவான். பேச்சில் ஆறு பேருக்குச் சமம்.

“ஒம்பதாவது கேள்விக்கு என்னடா எழுத?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் எழுத வேணாம். தோத்தவன் வந்து கேக்கட்டும்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா பயந்துட்டாய்ங்கன்னு அர்த்தம். எட்டு வருசமா ஒவ்வொரு தடவையும் நீங்க போயி அந்தாளு கடை வாசல்ல நின்னீங்கல்ல? ஒரு தடவ அந்தாளு இங்க வந்து நிக்கட்டும். இந்தா, இந்த வாசல்ல. செருப்பக் கழட்டி வெச்சுட்டு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். விமலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் நாற்பதாவது மாடியில் கொக்கியை மாட்டிக்கொண்டு தொங்குகிறவன். அவன் ஊருக்குப் பேசும்போது கேட்டிருக்கிறேன். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். பதினைந்துக்குப் பதின்மூன்றைத்தான் சொல்வான். அவன் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து பட்டினத்தை ஜெயித்த ஒரே ஆட்டம் அது. அந்த ஆட்டம் என் நடுவிரலில் இருக்கிறது.

“அண்ணனுக்கு அந்தக் கடை டீ பழகிப்போச்சுடா,” என்றான் பாண்டித்துரை. “அதான் மொகம் தொங்குது.”

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் ஸ்டோரில் ஒரு பெட்டியை இரண்டு முறை இறக்கி ஏற்றினேன். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஜெயிப்பதா? அது இல்லாமலே எட்டு வருடம் இருந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் நான்கு கம்பெனி, ஆறு கேம்ப். ரூமில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் விசா கேன்சல் ஆகிப் போனால் அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறொருவன் குறட்டை விடுவான். பழையவன் முகம் ஆறு மாதத்தில் மறந்துவிடும். நான் போனாலும் அப்படித்தான். நான் எப்படி ஆடுவேன் என்று பதினெட்டு வயதிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரே ஒருவர். நண்பன் நாம் சொல்வதைக் கேட்கிறான். எதிரில் நிற்பவன் நம்மைப் பார்க்கிறான். எனக்கு அந்தப் பார்வை வேண்டும். ஆண்டுக்கு ஒரு காலை, இரண்டு மணி நேரம். அதை விட்டுவிட்டால் நான் கையுறை எடுத்துக் கொடுப்பவன் மட்டும்தான்.

இதைப் பையன்களிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை டியூட்டி முடிந்ததும் பஸ்ஸும் மெட்ரோவும் ஏறி அல் ராஸில் இறங்கினேன். கேட்கப் போகவில்லை, சும்மா பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அலாவுதீன் கடைக்குள் நான்கைந்து ரஷ்யப் பெண்கள் குங்குமப்பூவை முகர்ந்துகொண்டிருந்தார்கள். அஹ்சன் அங்கேதான் வேலை பார்க்கிறான். என்னைப் பார்த்ததும் உலர்ந்த எலுமிச்சை மூட்டைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினான்.

“ஊரணி அண்ணே! சி பிரிவுல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்.”

“அங்க பந்து இருக்கா, இல்ல எங்க பழய பந்த அனுப்பவா?”

“அஹ்சன்,” என்றார் அலாவுதீன். அவ்வளவுதான். பிறகு, “குடோன்ல ஏலக்கா வந்து எறங்கிருக்கும். போய் நின்னு பாரு.”

“இப்பவா காக்கா?” அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

“இப்பத்தான்.”

அவன் போனான். ரஷ்யப் பெண்கள் ஒன்றும் வாங்காமல் போனார்கள். ஸ்டூல் நகர்ந்து வந்தது. டீ வந்தது. குடித்தோம். அவர் தாடியில் போன வருடத்தைவிட வெள்ளை கூடியிருந்தது. தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒருவன் வழி கேட்டுக் கத்திக்கொண்டே போனான். டீ முடிந்தும் நான் கேட்கவில்லை. அவரும் தேதி சொல்லவில்லை. டம்ளர் இரண்டும் காய்ந்தன.

“கேக்க வந்தீங்களா?” என்றார்.

“நீங்க வருவீங்கன்னு பாத்தேன்.”

“ஜெயிச்சவன் எப்புடி வருவான்?”

“நாங்கதான் ஜெயிச்சோம்.”

“அது உங்க கணக்கு.”

எங்கள் இரண்டு பேருக்கும் சும்மா இருப்பது வரும். யார் முதலில் பேசுவது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் அன்று அவர் விரல்கள் மேசை மேல் ஓடிக்கொண்டே இருந்தன.

“இங்க பாருங்க, ஊரணி. என் பயலுவளுக்கு நீங்க தேவயில்ல. ஏசி ஹாலு, கலர் கலரா பனியன், அந்த இன்ஜினியரிங் காலேஜ் டீமோட ஆடணும்ங்குறானுவ. ஒம்பதாவது கேள்வில அவங்க பேர எழுதுங்க காக்கான்னு என்னய அரிச்சு எடுக்குறானுவ. நாந்தான் காலியா வெச்சிருக்கேன்.”

“ஏன்?”

அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

“ஒண்ணு கேக்குறேன்,” என்றார். “பிப்ரவரியில இருந்து கேக்கணும்னு இருக்கேன். யாரும் உங்கள்ட்ட நேரா கேக்கல. அந்த நடுவர் கூட பாத்தாரே தவிர கேக்கல. பந்து பட்டுச்சா, படலயா? நீங்க சொன்னா நான் நம்புறேன். வேற சாட்சி வேணாம். படலன்னு சொல்லுங்க, நாளைக்கே முஹைஸ்னாவுக்கு வந்து உங்க பயலுவ முன்னாடி நின்னு, அடுத்த ஆட்டம் எப்போன்னு கேக்குறேன். அஹ்சனயும் கூட்டிட்டு வந்து கேக்குறேன்.”

அவர் வந்து நிற்பது என் கண்ணில் தெரிந்தது. எங்கள் ரூம் வாசல். கழற்றி வைத்த செருப்பு. மேல்கட்டிலில் விமலின் முகம். ஒரு வார்த்தை போதும். ஆட்டமும் நிலைக்கும், வெற்றியும் நிலைக்கும். ஒருவருக்கும் நஷ்டமில்லை. இவருக்கு மட்டும் ஒரு நாள் தலைகுனிவு; அதையும் அவரே கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

ஆனால் அதற்குப் பிறகு பிப்ரவரியில் வலைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன். அவர் அந்தப் பக்கம் நிற்பார், நான் சொன்னதை நம்பிக்கொண்டு. அவர் பார்க்கும் ஆள் அப்போது யார்? எந்தப் பார்வைக்காக அந்தப் பொய்யைச் சொல்வேனோ, அது என்மேல் விழாது. வேறொருவன்மேல் விழும்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஒருவர் வந்து பட்டை வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர் மஞ்சள் கேட்டு, இல்லை என்று தெரிந்து போனார்.

“பட்டுச்சு,” என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

“நடுவெரல்ல,” என்றேன். “நுனியில.”

“ம்.”

“அப்ப நாங்கதான் வெளிய ஓடுனது. நாங்கதான் தோத்தது. கேக்குறேன். அடுத்த ஆட்டம் எப்போ?”

“பயலுவள்ட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப இது நீங்க கேக்குறது. ஊரணி கேக்குறது இல்ல.” எழுந்து டம்ளர்களை எடுத்தார். “சொல்லிட்டு கேளுங்க. நாளைக்கு ஆறு மணி வரைக்கும் காலியாவே வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

திரும்பி வரும்போது மெட்ரோவில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை மதியத்தோடு லீவு சொல்லிவிட்டு ரூமில் காத்திருந்தேன். நான்கே முக்காலுக்கு சைட் பஸ் வந்தது. பையன்கள் குளிக்கக்கூட இல்லை. அவசரம் என்று குழுவில் போட்டிருந்தேன். ஹெல்மெட் அழுத்திய கோடு எல்லார் நெற்றியிலும் இருந்தது.

“என்னண்ணே, வர்றாராமா?” என்றான் விமல் வந்ததும். “சொல்லுங்க, வாசலப் பெருக்கி வெக்கிறேன்.”

“உக்காருடா.”

“உக்காந்துட்டேன்.”

“பிப்ரவரில, கடேசிப் பந்து. அது என் வெரல்ல பட்டுச்சு.”

யாருடைய போனோ அதிர்ந்தது, எடுக்கவில்லை.

“எந்த வெரல்ல?” என்று கேட்டான் விமல். ஏன் அதைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

காட்டினேன்.

“அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“எட்டு மாசம்ணே.” குரல் உயரவில்லை. “எட்டு மாசமா நாங் கத்திக்கிட்டுத் திரியிறேன். அந்த அஹ்சன் பயலோட மெட்ரோல சண்ட போட்டேன். எங்கப்பாட்டச் சொன்னேன். பக்கத்துலயே இருந்தீங்க. ஒரு தடவகூட, டேய் போதும்டான்னு சொல்லலயே.”

“சொல்லல.”

“ஏன்?”

“உன் மொகத்தப் பாத்துட்டு சொல்ல முடியல.”

“என் மேல போடாதீங்க.” கட்டிலிலிருந்து குதித்தான். “நீங்க நல்லவரா இருக்கணும்னு நான் எதுக்குண்ணே பொய்யனா அலையணும்?”

பாண்டித்துரை அவன் தோளைப் பிடித்தான். “விடுடா. அப்பச் சொன்னா என்ன, பதினாலு பதினாலு. அடுத்த ரெண்ட அவய்ங்கதான் எடுத்திருப்பாய்ங்க. எட்டோட ஒம்பது. நமக்கென்ன புதுசா?”

“எடுத்திருக்க மாட்டாய்ங்க!” என்று கத்தினான் விமல். “அடுத்த சர்வீஸ் அவய்ங்களுது. நீங்க பந்தக் குடுத்திருந்தா நான் அடிச்சிருப்பேன். அதத்தான் சொல்றேன். அடிக்க விடலயே இந்தாளு!”

அவன் என்னை ‘இந்தாளு’ என்றது அதுதான் முதல் தடவை.

வராந்தாவுக்குப் போய் நின்றான். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்தரை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. ஆட்டம் வேண்டும் என்று இப்போது நான் சொன்னால், அதற்காகத்தான் இதைச் சொன்னேன் என்று ஆகிவிடும். அது உண்மையும்கூட.

ஐந்து நாற்பதுக்கு விமல் உள்ளே வந்தான். முகத்தைக் கழுவியிருந்தான்.

“அந்தக் கப்ப அடிச்சு என்ன செய்ய?” என்றான், யாரையும் பார்க்காமல். “பட்டினத்த ஒரு தடவகூட ஜெயிக்காதவய்ங்கன்னுதானே சொல்லுவாய்ங்க. உண்மதானே.” பிறகு என் பக்கம் கையை நீட்டினான். “அந்தாளு நம்பரக் குடுங்க.”

“நான்தான்டா கேக்கணும். கேப்டன்—”

“நீங்க கேப்டன் இல்ல.”

அவன் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவரும் மறுக்கவில்லை. பாண்டித்துரை என்னைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

நம்பரைக் கொடுத்தேன். விமல் ஸ்பீக்கரில் போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“ஊரணியில இருந்து பேசுறேன்,” என்றான். தாடை இறுகியிருந்தது. எட்டு வருடம் நான் அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். “அடுத்த ஆட்டம் எப்போ?”

“யாரு பேசுறது?”

“கேப்டன். விமல்.”

“சோலையப்பன்?”

“அவரு ஆடல.”

அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ விலை கேட்டார்கள். விமல் பொறுமையில்லாமல் போனைப் பார்த்தான், துண்டித்துவிட்டாரோ என்று.

“பிப்ரவரி ரெண்டாவது ஞாயித்துக்கெழம,” என்றார். “காலைல எட்டு மணி. உங்க பேர எழுதிடறேன். நீங்களும் எழுதுங்க.”

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு விமல் சிவசங்கரனுக்கு அனுப்பினான். ‘சரிங்க’ என்று பதில் வந்தது. அதற்கடுத்த நிமிடம் குழுவின் பெயர் மாறியது. இப்போது வெறும் ‘ஊரணி வாலிபால்’. என்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டோரில் தனியாக இருந்தேன். ஆட்டம் தப்பிவிட்டது; அதற்குத்தானே இத்தனையும் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பத்து மணிக்குப் போன் வந்தது. இத்தனை வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

“ஆடலயாமே?” என்றார்.

“ஆமா.”

“பந்து யாரு எடுத்துக் குடுப்பா?”

“யாராவது. புதுப் பையன் ஒருத்தன் இருக்கான்.”

“கை உண்டா அவனுக்கு?”

“சுமாரா.”

அவர் மூச்சு விடுவது கேட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் போனை வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“அப்ப நல்லதாப் போச்சு,” என்றார். “நீங்க இல்லைன்னா மூணே செட்டுல முடிச்சுடுவோம். வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிரலாம்.”

“அலாவுதீன்!” என்றேன். அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவர் சிரித்தார். “நாலு மாசம் இருக்கு, ஊரணி,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

காது சூடாக இருந்தது. மூன்று செட்டா? அந்தச் சுமாரான பையன் விமலுக்கு எங்கே பந்து போடுவான், எவ்வளவு உயரம் போடுவான் என்று கண்ணில் ஓடியது. விமல் கத்துவான். அவன் சரியாகத்தான் கத்துவான். பிப்ரவரிக்குள் அவனாக வந்து கூப்பிட வேண்டும். நானாகக் கேட்க முடியாது. கூப்பிடவும் மாட்டான், இப்போதுள்ள இந்த உடம்பைப் பார்த்து.

கதவைச் சாத்திவிட்டு அலமாரிகளுக்கு நடுவில் வந்து நின்றேன். ஷூ நாடாவை இறுக்கினேன். மேல்தட்டில் ஹெல்மெட் பெட்டிகள். கையைத் தூக்கிக் குதித்தேன். எட்டவில்லை. இரண்டடி பின்னால் போய் மறுபடி குதித்தேன். முட்டியில் கத்தி இறங்கியது. அட்டையின் ஓரம் விரலில் இடித்து, ஒரு பெட்டி ஆடி நின்றது.

கதவைத் திறந்துகொண்டு வந்த பங்களாதேஷ்காரன் கையில் கிழிந்த கையுறையோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

“க்யா ஹுவா, பாய்?” என்ன ஆயிற்று என்று கேட்டான்.

“குச் நஹீன்,” என்றேன், ஒன்றுமில்லை என்று. “தோ மினிட் ருக்கோ.”

மறுபடி பின்னால் போனேன்.